கல்லைக் கண்டதும் கேள்வியை மூடாதீர்கள்

(கணையப் புற்றுநோயையும் கணைய அழற்சியையும் படத்தில் பிரித்தறிவது குறித்துத் தூத்துக்குடியில் பொதுமக்களுக்கு ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஸ்கேன் எடுத்து ஆளை வெளியே அனுப்பியதும் கூட வந்தவர்கள் எங்களிடம் கேட்பது ஒரே கேள்விதான். "டாக்டர், அண்ணாச்சிக்கு வந்திருக்கது கட்டியா, வெறும் வீக்கமா?" பல உறுப்புகளில் இதற்குப் படத்தைப் பார்த்தே ஓரளவு பதில் சொல்லிவிடலாம். கணையத்தில் அது அவ்வளவு சுலபமில்லை. அங்கே புற்றுநோயும் நாள்பட்ட அழற்சியும் ஒரே வேடம் கட்டிக்கொண்டு வருகின்றன. ஒன்றுக்கு முடிந்தால் உடனே அறுவை சிகிச்சை வேண்டும்; மற்றொன்றுக்குப் பெரும்பாலும் மாத்திரை போதும், அல்லது குழாயில் உள்ள கல்லை எடுத்தால் போதும். மாற்றிச் சொன்னால் இரண்டு பக்கமும் ஆபத்து. இவற்றை எப்படிப் பிரிக்கிறோம், எங்கே தடுமாறுகிறோம், நம் தென்கோடியில் அந்தத் தடுமாற்றம் ஏன் கூடுதல் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் உறுப்பைப் பார்த்துவிடுவோம். கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்கே படுத்திருக்கிறது. பெரியவர்களுக்குச் சுமார் 15 செ.மீ. நீளம், 100 கிராமுக்கு முன்பின் எடை. அதன் தலை சிறுகுடலின் முதல் வளைவுக்குள் பொருந்தியிருக்கும். வால் மண்ணீரலை எட்டும். ஈரலிலிருந்து வரும் பித்தக்குழாய் தலைப்பகுதி வழியாகத்தான் குடலுக்கு இறங்குகிறது. அதனால் தலையில் சின்னத் தடிப்பு வந்தாலும் பித்தம் தேங்கிக் காமாலை வரும். வாலில் வந்தால் காமாலை பொதுவாக வராது. நோய் நெடுநாள் ஒளிந்திருக்கும்.

கணையத்துக்கு முன்னால் இரைப்பையும் குடலும் வாயுவோடு கிடக்கின்றன. அல்ட்ராசவுண்ட் கதிர் வாயுவைத் தாண்டாது. உங்கள் வீட்டில் பழைய ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கணையம் குடல் வாயுவால் மறைந்திருக்கிறது என்று ஒரு வரி இருக்கக்கூடும். அதைப் பலர் "கணையம் நல்லா இருக்கு" என்று எடுத்துக்கொள்கிறார்கள். கணையத்தைப் பார்க்கவே முடியவில்லை என்பதுதான் அந்த வரியின் அர்த்தம். வயிற்றுவலியும் எடைக்குறைவும் உள்ளவருக்கு அந்த வரி வந்திருந்தால், பரிசோதனை இன்னும் முடியவில்லை என்று கொள்ளுங்கள்.

சரி, இரண்டு நோய்களும் ஏன் ஒன்றுபோல் தெரிகின்றன? வழக்கமான கணையப் புற்றுக்கட்டியை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் புற்றுச் செல்கள் கொஞ்சம்தான் இருக்கும். அவற்றைச் சுற்றி அடர்த்தியான நார்த்திசு நிறைந்திருக்கும். நாள்பட்ட அழற்சியிலும் நல்ல திசு அழிந்து அந்த இடத்தில் நார்த்திசுதான் வளர்கிறது. படத்தில் எங்களுக்குத் தெரிவது பெரும்பாலும் இந்த நார்தான். நோயாளி சொல்லும் தொந்தரவும் ஒன்றே: முதுகுக்கு ஓடும் வலி, எடைக்குறைவு, சர்க்கரை, காமாலை. இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. கட்டி கணையக் குழாயை அடைத்தால், அடைப்புக்குப் பின்னால் உள்ள கணையம் அழற்சியடைந்து வீங்கும். அப்போது ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கும். வீக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டியைத் தவறவிட வாய்ப்பு அதிகம்.

இது உலகம் முழுவதற்கும் பொதுவான சங்கடம். நம் பகுதிக்கு இதற்கு மேல் ஒன்று இருக்கிறது.

1959-ல் ஸுய்டெமா என்ற மருத்துவர், இந்தோனேசியாவில் ஊட்டமில்லாத ஏழை நோயாளிகளின் கணையத்தில் கற்கள் நிறைந்திருப்பதை எழுதினார். அடுத்த பத்தாண்டுகளில் கேரளத்தில் பி.ஜே. கீவர்கீஸ் அதே நோயைப் பெரும் எண்ணிக்கையில் கண்டு ஆராய்ந்து பதிவு செய்தார். குடிப்பழக்கமே இல்லாத இளம் வயதினர். சிறுவயதிலேயே விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி. பிறகு எண்ணெய் மிதக்கும் மலம். இருபது, முப்பது வயதுக்குள் சர்க்கரை நோய். எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் இரு பக்கமும் வெள்ளை வெளேரென்று பெரிய கற்கள். வெப்பமண்டலக் கல் அழற்சி என்று இதற்குப் பெயர். இதனால் வரும் சர்க்கரை நோயைச் சென்னையில் மருத்துவர் வி. மோகனும் அவரது குழுவினரும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். கல் அழற்சிக்கு மரவள்ளிக்கிழங்கு காரணமாக இருக்கலாம் என்று முதலில் கருதப்பட்டது, அது உறுதிப்படவில்லை. 2002 முதல் வந்த ஆய்வுகள், ஐதராபாத் ஆய்வுகள் உட்பட, ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் இந்நோயாளிகள் பலரிடம் இருப்பதைக் காட்டின. மரவள்ளி தின்றவர் எல்லாருக்கும் வருவதில்லை, மரபணு மாற்றம் உள்ளவர் எல்லாருக்கும் வருவதில்லை. பல காரணங்கள் கூடித்தான் இது வருகிறது என்பதே இன்றைய புரிதல். கேரளத்திலும் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலும் வேலை பார்க்கும் மருத்துவர்களுக்கு இந்தக் கல் புதிதல்ல.

முத்துக்குளித்த ஊரில் இந்தக் கல்லைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. கணையக் கல்லும் முத்தும் வேதியியலில் ஒரே பொருள்தான். இரண்டும் கால்சியம் கார்பனேட். முத்தில் அது பெரும்பாலும் அரகோனைட் படிகமாகவும், கணையக் கல்லில் கால்சைட் படிகமாகவும் இருக்கிறது. முத்தைக் கணிக்கவும் எக்ஸ்ரேதான் உதவிக்கு வந்தது. ஜப்பானில் வளர்த்த முத்து 1920-களில் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தபோது, வெளித்தோற்றத்தை வைத்து இயற்கை முத்தையும் வளர்ப்பு முத்தையும் வியாபாரிகளால் பிரிக்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் வைத்து, உள்ளே வைத்து வளர்த்த மணி இருக்கிறதா, அடுக்குகள் நடுவரை ஓடுகின்றனவா என்று பார்த்தார்கள்.   வெளியே ஒன்றுபோல் இருப்பதை உள்ளமைப்பை வைத்துப் பிரிப்பதுதான் கணையத்திலும் எங்கள் வேலை. ஒரு வித்தியாசம் உண்டு. முத்தில் இயற்கையா வளர்ப்பா என்று இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். கணையத்தில் கல்லும் இருக்கலாம், அதே கணையத்தில் புற்றும் இருக்கலாம்.

இது வெறும் ஊகமில்லை. கேரளத்தில் அகஸ்டினும் எச். ரமேஷும் 1992-ல் வெளியிட்ட ஆய்வில், கல் அழற்சி உள்ள 266 பேரில் 22 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. பெரிய மருத்துவமனைக்கு முற்றிய நோயோடு வருபவர்களே அதிகம் என்பதால் அந்த விகிதத்தை ஊரில் உள்ள எல்லா நோயாளிகளுக்கும் அப்படியே பொருத்தக்கூடாது. 1994-ல் சுரேஷ் சாரி, வி. மோகன், சி.எஸ். பிச்சுமணி, எம். விஸ்வநாதன், என். மதனகோபாலன் ஆகியோர் அமெரிக்காவின் லோவன்ஃபெல்ஸுடன் சேர்ந்து 185 நோயாளிகளைச் சராசரி நாலரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வை வெளியிட்டார்கள். அக்காலத்தில் 24 பேர் இறந்தார்கள். அவர்களில் 6 பேர் கணையப் புற்றுநோயால் இறந்தவர்கள். புற்றுநோய் வந்த சராசரி வயது நாற்பத்தைந்தை ஒட்டி இருந்தது. கணையப் புற்றுநோய் பொதுவாக அறுபது வயதைத் தாண்டியவர்களின் நோய். பொதுமக்களைவிடக் கிட்டத்தட்ட நூறு மடங்கு அபாயம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். ஆறு பேரை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் அதன் எல்லை 37 மடங்கிலிருந்து 218 மடங்கு வரை விரிகிறது. பயந்துவிட வேண்டாம். பொதுமக்களில் இந்நோய் மிக அரிது. அரிதான ஒன்றின் நூறு மடங்கு என்றாலும் கல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று வருவதில்லை. ஆனால் சிலருக்கு வருகிறது, இளம் வயதிலேயே வருகிறது.

இப்போது திரையைப் பாருங்கள். பெயர்கள் நீக்கிய மூன்று சி.டி. ஸ்கேன் படங்கள்.

முதல் படம். கணையத்தின் தலையில் சுற்றிலும் உள்ள திசுவைவிடக் கறுப்பாக ஒரு வட்டம். அதை நெருங்கும் கணையக் குழாய், கத்தியால் அறுத்ததுபோல் சட்டென்று நின்றுவிடுகிறது. அதற்குப் பின்னால் குழாய் சீராக விரிந்திருக்கிறது, சுற்றியுள்ள கணையம் சுருங்கிப்போயிருக்கிறது. பித்தக்குழாயும் அதே இடத்தில் அடைபட்டு விரிந்திருக்கிறது. இரட்டைக் குழாய் அடையாளம் என்று இதைச் சொல்வோம். பக்கத்தில் உள்ள பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக் கொழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத் திசு உறையாகப் படர்ந்திருக்கிறது. இவ்வளவும் சேர்ந்தால் புற்றுநோய் என்று சொல்லத் தயங்க மாட்டோம்.

இரண்டாவது படம். குழாய் முழுக்கக் கற்கள். சில ஒரு செ.மீ.யைத் தாண்டியவை. குழாய் மணி கோத்ததுபோல் விரிந்தும் குறுகியும் போகிறது. எங்கும் தனியாக ஒரு கட்டி இல்லை. இது கல் அழற்சி.

மூன்றாவது படத்துக்காகத்தான் உங்களை இங்கே உட்கார வைத்திருக்கிறேன். இதிலும் கணையத்தின் நடுப்பகுதியிலும் வாலிலும் கற்கள் நிறைய இருக்கின்றன. அவசரமாகப் பார்த்தால் இரண்டாவது படத்தோடு சேர்த்து வைத்துவிடுவீர்கள். தலைப்பகுதியை உற்றுப் பாருங்கள். அங்கே இருக்க வேண்டிய கற்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கின்றன. நடுவில் கல்லே இல்லாத, மங்கலான ஒரு இடம். கற்கள் தானாக இப்படி ஓரத்துக்கு ஒதுங்குவதில்லை. நடுவில் ஏதோ ஒன்று வளர்ந்து அவற்றை ஒதுக்கியிருக்கிறது. இதே ஆளின் இரண்டு வருடத்துக்கு முந்தைய படத்தில் அந்த இடத்திலும் கற்கள் பரவலாக இருந்தன. பழைய படம் இல்லாவிட்டால் இந்த மாற்றம் தெரிந்தே இருக்காது.

பாடப்புத்தகங்களில், கணையத்தில் சுண்ணம் படிந்திருந்தால் அழற்சி என்று நினை, புற்றுக்கட்டியில் சுண்ணம் அரிது என்று ஒரு விதி உண்டு. அந்த விதி தவறில்லை. கட்டிக்குள் சுண்ணம் படிவது உண்மையிலேயே அரிது. ஆனால் கட்டிக்குள் சுண்ணம் இல்லை என்பது வேறு, சுண்ணம் உள்ள கணையத்தில் கட்டி வராது என்பது வேறு. நம் பகுதியில் கல் இருப்பவர்தான் புற்று அபாயம் கூடியவர். கல் தெரிந்ததும் "பழைய அழற்சி" என்று எழுதிப் படத்தை மூடிவைத்தால், பார்க்க வேண்டிய ஆளைத்தான் பார்க்காமல் விடுகிறோம்.

படம் எடுக்கும் முறையும் முக்கியம். சாதாரண வயிற்று சி.டி. வேறு, கணையத்துக்கென்று எடுக்கும் சி.டி. வேறு. கணையத்துக்கு எடுக்கும்போது காண்ட்ராஸ்ட் மருந்தை ரத்தக்குழாயில் வேகமாகச் செலுத்தி, சுமார் 40 முதல் 45 விநாடியில் ஒரு முறையும் 65 முதல் 70 விநாடியில் மறுமுறையும் மெல்லிய வெட்டுகளாகப் படம் பிடிக்க வேண்டும். முதல் கட்டத்தில் நல்ல கணையம் ரத்தம் பெற்றுப் பளிச்சென்று தெரியும். ரத்த ஓட்டம் குறைந்த கட்டி கறுப்பாகத் தனித்து நிற்கும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் வித்தியாசம் மங்கிவிடும். நேரம் சரியாக இருந்தாலும், பத்தில் ஒன்றளவுக்குக் கட்டிகள் சுற்றியுள்ள கணையத்தின் நிறத்திலேயே இருக்கும். அப்போது குழாய் எங்கே அறுபடுகிறது, பின்பகுதி சுருங்கியிருக்கிறதா என்பதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

சி.டி.யில் தீராத சந்தேகத்துக்கு எம்.ஆர்.ஐ. அதில் குழாய்களை மட்டும் தனியாக வரைந்து காட்டும் எம்.ஆர்.சி.பி. படம் உண்டு. ஜப்பானில் இச்சிகாவாவும் அவரது குழுவினரும் 2001-ல் ஒரு பயனுள்ள அடையாளத்தை எழுதினார்கள். தடிப்பு அழற்சியால் வந்தது என்றால், கணையக் குழாய் குறுகினாலும் அதன் ஊடாகவே போய்விடும். புற்று என்றால் வாசலிலேயே அடைபட்டு நிற்கும். துல்லியமான அடையாளம்தான், ஆனால் குழாய்க்குள்ளேயே பெரிய கல் அடைத்திருக்கும் நம் நோயாளிகளிடம் இதையும் ஜாக்கிரதையாகத்தான் படிக்க வேண்டும்.

பெட் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடம் அதில் ஒளிரும். புற்றுச் செல்லும் உறிஞ்சும், அழற்சியின் செல்லும் உறிஞ்சும். சிஏ 19-9 என்ற பொருளை ரத்தத்தில் அளக்கும் பரிசோதனையும் இப்படித்தான். பித்தம் அடைபட்டிருந்தால் புற்று இல்லாமலே ஏறும். நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் ரத்த வகை காரணமாக அந்தப் பொருளை உருவாக்கவே மாட்டார்கள், அவர்களுக்குப் புற்று இருந்தாலும் ஏறாது. இவை துணைக்கு உதவும். தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது.

இன்னொரு வேடதாரி உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்கும் தன்னெதிர்ப்பு அழற்சி. 1995-ல் ஜப்பானின் யோஷிதா குழுவினர் இதற்குப் பெயர் கொடுத்தார்கள். 2001-ல் ஹமானோ குழுவினர் ரத்தத்தில் ஐஜிஜி4 என்ற புரதம் இந்நோயில் ஏறுவதைக் கண்டார்கள். வலியில்லாத காமாலையோடு வருவதால் அசல் புற்றுநோய் போலவே இருக்கும். படத்தில் கணையம் மடிப்புகள் மறைந்து உருண்டு திரண்டு, ஓரத்தில் மெல்லிய உறை போட்டதுபோல் தெரியும். குழாய் நெடுந்தூரத்துக்கு ஒல்லியாகக் குறுகும். ஆனால் பின்னால் அவ்வளவாக விரியாது. ஸ்டீராய்டு கொடுத்து இரண்டு வாரத்தில் மறுபடி படம் எடுத்தால் வீக்கம் கரைந்திருப்பதைக் காணலாம். 1994 ஆய்வின் முதல் ஆசிரியரான அதே சுரேஷ் சாரி, பின்னர் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இந்நோயைக் கண்டறியும் விதிகளை 2006-ல் தன் குழுவோடு வகுத்தார். படம், திசு, ரத்தம், மற்ற உறுப்புகளின் பாதிப்பு, மருந்துக்குக் கிடைக்கும் பலன் என்று ஐந்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கின்றன அந்த விதிகள். ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பது புற்றுநோயைத் தேடி, இல்லையென்று தெளிந்த பிறகுதான். புற்றுநோயாளிகளிலும் சுமார் பத்தில் ஒருவருக்கு ஐஜிஜி4 ஓரளவு ஏறியிருக்கும். அதை மட்டும் நம்பி ஸ்டீராய்டில் காலம் கடத்தினால், அறுவை சிகிச்சைக்கான நேரம் கைநழுவிப்போகும்.

கடைசியில் திசு. வாய்வழியாக எண்டோஸ்கோப்பை இறக்கி, அதன் நுனியில் உள்ள அல்ட்ராசவுண்டால் இரைப்பைச் சுவரை ஒட்டி நின்று கணையத்தைப் பார்க்கலாம். நடுவில் வாயுத் தொல்லை இல்லை. அங்கிருந்தே மெல்லிய ஊசியால் திசு எடுக்கலாம். நல்ல கணையத்தில் வந்த கட்டியை இந்த ஊசி பெரும்பாலும் பிடித்துவிடும். நாள்பட்ட அழற்சியால் கல்லாகிப்போன கணையத்தில் ஊசி நாருக்குள் போய் வெறுங்கையோடு திரும்புவது அதிகம். ஊசியில் புற்றுச் செல் வந்தால் நம்பலாம். வரவில்லை என்றால் "இல்லை" என்று முடிவு கட்டக்கூடாது. படம் பலமாகப் புற்று என்று சொன்னால், ஊசி முடிவு இல்லாமலே அறுவை சிகிச்சைக்குப் போவது உண்டு. அப்படி எடுத்த கணையங்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை, பிறகு பார்த்தால் புற்று இல்லாதவையாக இருக்கின்றன. உலகின் தேர்ந்த மையங்களிலேயே இது நடக்கிறது.

கணினி இதைச் செய்துவிடாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். 2023-ல் சீன ஆய்வாளர்கள் பாண்டா என்ற செயற்கை நுண்ணறிவு முறையை வெளியிட்டார்கள். காண்ட்ராஸ்ட் மருந்து செலுத்தாத சாதாரண சி.டி.யிலேயே கணையக் கட்டியைக் கண்டுபிடிக்கும் அதன் திறன் வியப்பானது. கல் நிறைந்த நம்மூர்க் கணையங்களைப் போன்றவற்றை அது எத்தனை பார்த்துப் பழகியது என்று கேட்டுவிட்டுத்தான் இங்கே அதை நம்ப வேண்டும். அதற்கு நம்மூர்ப் படங்களைக் கொண்டு பழக்குவது இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் செய்ய வேண்டிய வேலை.

இனி, வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியவை.

காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காத்திருக்கிறோம். உடம்பெல்லாம் அரிப்பு, மலம் வெளுத்துச் சுண்ணாம்பு நிறம், சிறுநீர் கருமஞ்சள் என்றால் குழாய் எங்கோ அடைபட்டிருக்கிறது, வாரக்கணக்கில் காத்திருக்கக்கூடாது. அந்த அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைக்கச் சொன்னால், கணையத்துக்கான சி.டி. முன்பே எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். ஸ்டென்ட் வைத்த பிறகு அதன் நிழலும் அதனால் வரும் அழற்சியும் படத்தைக் குழப்பும். காய்ச்சலும் குளிரும் சேர்ந்து அவசரம் என்றால் மருத்துவர் முதலில் அடைப்பைத் திறக்கத்தான் செய்வார், அது வேறு.

ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்து, கூடவே காரணமில்லாமல் எடை குறைந்தால் மருத்துவரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். சாரியின் இன்னொரு ஆய்வு, அந்த வயதில் புதிதாகச் சர்க்கரை வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் மூன்று ஆண்டுகளுக்குள் கணையப் புற்று தெரியவந்ததைக் காட்டியது. அதற்காகச் சர்க்கரை வந்த எல்லாரும் ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். எடையும் சேர்ந்து குறைந்தால் சும்மா இருக்கவும் வேண்டாம்.

நாற்பதைத் தாண்டியவருக்குப் பித்தக்கல்லோ குடியோ இல்லாமல் திடீர் கணைய அழற்சி வந்தால், வலி போனதும் எல்லாம் முடிந்தது என்று எண்ணாதீர்கள். வீக்கம் வடிந்து ஆறு, எட்டு வாரம் கழித்து மறுபடி ஒரு படம் எடுக்க வேண்டும். வீக்கம் மறைத்திருந்த கட்டி அப்போதுதான் தெரியும்.

கணையத்தில் கல் இருப்பதாக ஏற்கெனவே தெரிந்தவர்கள், வலியின் தன்மை மாறினாலோ, பல வருடம் அடங்கியிருந்த வலி திரும்பினாலோ, சர்க்கரை திடீரென்று கட்டுக்கடங்காமல் போனாலோ, காமாலை எட்டிப்பார்த்தாலோ, "எனக்கு இது பழைய நோய்" என்று நீங்களாகவே விளக்கம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

பழைய படங்களைத் தூக்கிப்போடாதீர்கள். ரிப்போர்ட் தாளை மட்டும் பத்திரப்படுத்தினால் போதாது, சி.டி. படங்களைக் குறுந்தட்டில் பதிந்து வாங்கி, தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ அனுப்பினால் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எங்களிடம் இருக்கும் எந்தப் புதிய கருவியையும்விட, அதே ஆளின் இரண்டு வருடத்துக்கு முந்தைய படம் அதிகம் சொல்லும் நாட்கள் உண்டு. அழற்சி பெரும்பாலும் மெதுவாகத்தான் மாறும், சில சமயம் சுருங்கும். புற்று வளரும். ஒரே ஒரு படம் அந்த ஓட்டத்தைக் காட்டாது.

மருத்துவ மாணவத் தம்பி தங்கைகளுக்குக் கடைசியாக ஒன்று. ரிப்போர்ட் எழுதும்போது தெரிந்ததை உறுதியாக எழுதுங்கள், தெரியாததையும் அதே உறுதியோடு எழுதுங்கள். "கல் அழற்சி, தலைப்பகுதியில் கல் விலகியிருக்கிறது, கட்டியை விலக்க இயலவில்லை, மறுபரிசோதனை தேவை" என்று நாலு சொல் எழுத ஒரு நிமிடம் ஆகாது. அந்த நாலு சொல்லைப் படித்துத்தான் அடுத்த மருத்துவர் எண்டோஸ்கோப்பிக்கு அனுப்புவார், அறுவை மருத்துவர் நேரத்தோடு கத்தியை எடுப்பார். "கட்டியா, வீக்கமா" என்று கேட்பவரிடம், "இன்னும் தெரியவில்லை, தெரிந்துகொள்ள இதைச் செய்ய வேண்டும்" என்று சொல்வதும் முழுமையான மருத்துவப் பதில்தான். பொய்யான ஆறுதலைவிட அது நோயாளிக்குப் பயன்படும்.